பூவரசுக்குப் போட்ட வலை

நல்ல காரியம் செய்யக் கிளம்புகிற ஆளை யாரும் மறித்து, "எங்கே போறே?" என்று கேட்பதில்லை. அந்த ஒரே காரணத்தால்தான் இருபத்திரண்டு வயதில், பட்டப்பகலில், ஒரு குடும்பத்தின் பிழைப்பை நாற்பது துண்டாக வெட்டிப் போட்டேன்.

நான் விழிதியூர் விவசாய வீட்டுப் பெண். தாவரவியல் படித்துவிட்டு, நம் மண்ணின் மரங்களை நட்டுக் காக்கும் ஓர் அறக்கட்டளையில் சேர்ந்திருந்தேன். கிளிஞ்சல்மேட்டில் கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுத்த மணலில் மழைக்காலத்தில், அலைக்குத் தடுப்பாக, நாற்பது பூவரசங்கன்று நட்டோம். சித்திரை வெயிலோடு ஆடுகளும் வந்தன. ஆட்டுக்குப் பூவரசு இலை என்றால் கல்யாணச் சாப்பாடு.

"பழைய வலையாக் கேட்டு வாங்கி, கன்னைச் சுத்திக் கட்டிடும்மா" என்றார் எங்கள் பொறுப்பாளர். நான் 'பழைய'வையும் 'கேட்டு'வையும் விட்டுவிட்டு மிச்சத்தைச் செய்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் அது. விசைப்படகுகளெல்லாம் கரையில் நின்றன. வலை பின்னும் கொட்டகையில் மத்தியானம் ஆளே இல்லை. பின்பக்கம் நீல வலை ஒன்று குவியலாகக் கிடந்தது. மிதவை இல்லை, கயிறு இல்லை, ஈயக்குண்டு இல்லை. அப்படியென்றால் வேண்டாமென்று போட்டதுதானே? (வைக்கோலாக இருந்தால் பழசா புதுசா என்று தூரத்திலிருந்தே சொல்லியிருப்பேன். வயல்காட்டு மூளைக்கு வலையைப் பற்றி என்ன தெரியும்!)

சாயங்காலத்துக்குள் நாற்பது கன்றுக்கும் நீல வேலி எழும்பிவிட்டது. பக்கத்தில் இளித்துக்கொண்டு நின்று படம் எடுத்தேன். 'ஆடுகளே, இனி உங்கள் பாச்சா பலிக்காது' என்று எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டேன். திருட்டுப் பொருளோடு படம் எடுத்து ஊருக்கே அனுப்பிய திருடி காரைக்கால் வட்டாரத்தில் நான் ஒருத்திதான்.

பத்தே நிமிடத்தில் படகுக்காரர் செல்வம் அண்ணன் வந்தார். பின்னாலேயே அவர் படகு ஆட்கள் ஏழெட்டுப் பேர்.

"யாரு பாத்த வேலை இது?"

"நான்தாங்கண்ணே. நல்லாருக்கா?" (ஆமாம், கேட்டேன்.)

அவர் வலையைத் தொட்டுப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "புது வலைம்மா. கயிறு கோக்கறதுக்காகப் போட்டு வெச்சிருந்தேன். தடை முடிஞ்சா இதை எடுத்துக்கிட்டுத்தான் கடலுக்குப் போவணும்" என்றார்.

"எல்லாத்தையும் புடுங்கிப் போடுங்கண்ணே! மரமும் வேணாம், ஒண்ணும் வேணாம். இவங்களை ஊரைவிட்டே அனுப்புங்க" என்றார் கூட வந்த ராஜா. நான் அழுதுவிட்டேன். அழகான அழுகையெல்லாம் இல்லை, மூக்கெல்லாம் ஒழுகியது. என் அவசரத்தால் அண்ணனின் பிழைப்பும் போச்சு, மரங்களும் போச்சு.

அப்போதுதான் அண்ணனின் மனைவி மலர்க்கொடி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஒரு கன்னுலயும் யாரும் கை வெக்கக் கூடாது. வெட்டுன வலையை நாமளே பின்னிச் சேத்துக்கலாம். கன்னு போனா மறுபடி ஐப்பசி மழைக்குத்தான் நடணும். சுனாமியில வீட்டைக் குடுத்துட்டு நின்னவ சொல்றேன், கேளுங்க. மொதல்ல பழைய வலையைக் கொண்டாந்து கட்டுங்க, அப்புறம் இதை அவுருங்க." என் பக்கம் திரும்பினார். "நீ அழுவாத. நாளைக்குக் காலைல வா. வெட்டுன கைதான் முடிச்சுப் போடணும்."

மறுநாள் பழைய வலையை மாற்றிக் கட்டினார்கள். அதிகம் கட்டியது ராஜாதான். நான் வலை ஊசியோடு கொட்டகையில் உட்கார்ந்தேன். நான் பின்னிய முதல் கண்ணியில் செல்வம் அண்ணன் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு முழுக் கையையும் விட்டார். பிறகு, "சுறாவே போவும்மா" என்றார்.

தினமும் போனேன். நான் போடுகிற முடிச்சையெல்லாம் நான் கிளம்பியபின் அவிழ்த்து அவர்கள் திரும்பப் போட்டார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். ஒரு நாளும் யாரும் முகம் சுளிக்கவில்லை. மத்தியானமானால் அக்கா மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைப்பார், அதட்டித்தான் சாப்பிட வைப்பார். தடை முடிவதற்கு நாலு நாள் முன்னால் வலை முழுசானது. படகு போய்த் திரும்பிய அன்று விழிதியூருக்கு ஒரு கூடை சங்கரா மீன் வந்தது. மீனைக் கழுவிக்கொண்டே அழுதேன். அவர்கள் நினைத்திருந்தால் அன்றைக்கே என்னைத் துரத்தியிருக்கலாம். இந்த வேலையில் நான் இன்றும் இருப்பது அந்த வீட்டார் போட்ட பிச்சை.

இப்போது அந்தப் பூவரசுகளின் நிழலில்தான் வலை பின்னுகிறார்கள். எந்தப் படகு வெறுமனே திரும்பினாலும், "செடிப்பொண்ணு முடிச்சு அவுந்துபோச்சு போல" என்பது ஊர்ப் பேச்சாகிவிட்டது. என் வீட்டில் டிபன் பை பிரிந்தாலும் கணவர் அதையேதான் சொல்கிறார்.

போன வாரம் மலர்க்கொடி அக்கா போன் செய்தார். "மூணு நாளா மீனே இல்லடி. வந்து ஒன் முடிச்சை ஒரு தடவை பாத்துட்டுப் போ. சோறு ஆக்கி வெக்கிறேன்."

அந்த வலையைக் கழித்துப் போட்டே பல வருஷம் ஆகிறது. அது அக்காவுக்கும் தெரியும். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.