ஒன்பது சென்டிமீட்டர்

ஆய்வுக்கு வந்த ஒல்ஃபா அளவுநாடாவை எடுத்த பிறகுதான், தான் எதிர்வீட்டு பெஷீரைவிட ஒன்பது சென்டிமீட்டர் உயரம் என்பது மோஞ்சிக்கு நினைவு வந்தது.

சிகரெட்டை நினைவு வைத்திருந்தார். சர்க்கரை வியாதியை நினைவு வைத்திருந்தார். உயரத்தைக் கோட்டை விட்டுவிட்டார்.

முதுமையையும் ஓய்வுக்காலத்தையும் பற்றிய ஆய்வு அது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தலைநகர் தூனிஸிலிருந்து ஆள் வந்து, அதே மனிதர்களிடம் அதே கேள்விகளைக் கேட்பார்கள். சாகும்வரை கேட்பார்கள். ஸ்பாக்ஸில் அந்தத் தெருவில் தேர்வானவர் மோஞ்சி மட்டுமே. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே அவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டார். ஆய்வுக்காரர்களின் கடிதமோ, 'உங்கள் இடத்தை வேறு யாராலும் நிரப்ப முடியாது' என்றது. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். ஆள் மாறியது தெரிந்தால் பெயர் நீக்கப்படும் என்று கீழே ஒரு வரியும் இருந்தது.

முதல் முறையே ஆள் மாறியிருந்தது.

அன்று மோஞ்சியும் மனைவி நஸீஹாவும் காபெஸில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள். கூண்டிலிருந்த கானரிப் பறவைக்குத் தீனி போட எதிர்வீட்டு பெஷீரிடம் சாவி இருந்தது. சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஒல்ஃபா வந்து நின்றாள். மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்த பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்ப பெஷீருக்கு மனம் வரவில்லை. மோஞ்சி நீங்கள்தானே என்றதற்குத் தலையாட்டினார். அந்த ஒரு பொய்யோடு நிறுத்திக்கொண்டார். மற்ற கேள்விகளுக்கெல்லாம் தன் சிகரெட், தன் சர்க்கரை, தன் உயரம் என்று தன்னைப் பற்றிய உண்மையைச் சொன்னார்.

அதே ஒல்ஃபாதான் ஒவ்வொரு முறையும் வருவாள் என்று கடிதம் சொன்னது. இரண்டு வருஷத்தில் முகம் மறந்திருக்கும், பெஷீரின் பதில்களோடு பொருந்தினால் போதும் என்று நம்பிய மோஞ்சி, தன் இடத்தில் மறுபடியும் அவரை உட்கார விடவில்லை. இன்று கதவைத் திறந்ததும், "என்னை ஞாபகம் இருக்கா, ஹாஜி?" என்றாள். நெடுநெடுவென்று இருந்தாள். குரல் லேசாக நடுங்கியது.

"உன்னை மறப்பேனாம்மா?"

இருவரும் கானரியைப் பார்த்தார்கள்.

இப்போது அளவுநாடா. மோஞ்சி ஜுப்பாவுக்குள் முழங்காலை மடக்கினார். கொஞ்சம் அதிகமாக மடக்கிவிட்டார். பெஷீரைவிட மூன்று சென்டிமீட்டர் குறைந்தது. எலும்பு தேய்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றார். எலும்பைப் பற்றி எட்டுக் கேள்விகள் வந்தன.

மடக்கிய காலை நிமிர்த்த வழியில்லை. நடைச் சோதனையிலும் அப்படியே நடந்தார். முழங்கால் வலிக்குப் பன்னிரண்டு கேள்விகள்.

நஸீஹா உதவிக்கு வந்தாள். "ஏங்க, சிகரெட் இல்லாம உங்களால இருக்க முடியாதே" என்று பாக்கெட்டை நீட்டினாள். அவர் வாழ்நாளில் பிடித்ததில்லை. பஞ்சு முனையைப் பற்றவைத்தார். இருமலுக்குத் தனிப் பக்கம் இருந்தது.

பெஷீர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மோஞ்சியின் பிடியில் கைவலுவை அளக்கும் கருவியின் முள் பாதி தூரம்கூடப் போகவில்லை. நேற்றுத்தான் கை சுளுக்கியது என்றாள் நஸீஹா. சுளுக்குக்கும் ஒரு பக்கம் இருந்தது.

"ரெண்டு வருஷத்துல இப்படி ஆயிட்டீங்களே, ஹாஜி." அவள் கண் கலங்கியிருந்தது.

மோஞ்சிக்குத் தாங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, உங்கிட்ட ஒரு உண்மைய சொல்லணும்."

"வேணாம் ஹாஜி" என்றாள் அவள், அவசரமாக. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். தாளின் அடியில் தன் பெயரை எழுதத் தொடங்கி, பாதியில் நின்று, பிறகு எழுதி முடித்தாள். உங்கள் இடத்தை வேறு யாராலும் நிரப்ப முடியாது என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பெயர் தப்பியது. மோஞ்சி காலை நீட்டிப் பெருமூச்சு விட்டார்.

காலையிலிருந்து வெளியே தலை காட்டாதே என்று எச்சரிக்கப்பட்டு, தன் வீட்டு ஜன்னல் இடுக்கில் நின்றிருந்த பெஷீர் தெருவைக் கடந்து வந்தார். முனையில் திரும்பிக்கொண்டிருந்த பெண்ணையே பார்த்தார்.

"இவ யாரு, ஹாஜி? அன்னிக்கு வந்த ஒல்ஃபா இவ தோளுக்குக்கூட வரமாட்டாளே."