மருமகளின் முதல் எழுத்து

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். நான் நலம்தானா என்பதில் மட்டும் உன் தம்பி மனைவிக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது வாசலில் மீசையில்லாத கிழவன் ஒருவன் நின்றால், வீடு மாறி வந்துவிட்டோமென்று திரும்பிப் போய்விடாதே. அது நான்தான்.

காரணம், அன்று தன் தீவிலிருந்து பெற்றோருடன் முதல்முறை நம் வீட்டுக்கு வரும் மருமகளின் பெயர். போனில் அவள் பெயரைச் சொல்லி நலம் கேட்டேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மகனிடம் கேட்டால், "அந்த மொத எழுத்து நமக்கு வராதுப்பா, விட்டுடுங்க" என்கிறான். எப்படி விடுவது? வீட்டுக்கு வரும் பெண்ணை "ஏம்மா, இந்தாம்மா" என்றே கூப்பிட்டுக் காலம் தள்ளுவதா? நூலகத்தில் தேடிப் படித்தேன். கடல் நடுவே அவளுடைய தீவுக்கூட்டத்தில் சில சிறு மொழிகளில் அந்த ஒலி இருக்கிறது, வேறெங்கும் அபூர்வம். நாக்கின் நுனி மேலுதட்டைத் தொட வேண்டுமாம். நமக்கு நாக்கு பல்லைத் தொட்டால் 'த', அண்ணத்தைத் தொட்டால் 'ட'. மேலுதட்டுக்கு நாம் ஓர் எழுத்தும் ஒதுக்கவில்லை.

அன்றிலிருந்து பயிற்சிதான். பேருந்தில் சத்தமில்லாமல் பழகியபோது எதிரில் இருந்த அம்மாள் எழுந்து, "இந்த வயசுல பொம்பளைக்குப் பழிப்புக் காட்டுறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்க, நான் விளக்கம் சொல்ல வாய் திறக்க, பழக்க தோஷத்தில் நாக்கு மறுபடியும் வெளியே வர, நடத்துநர் என்னை இறக்கிவிட்டார். வீட்டில் பழகினால் நாக்குக்கு முன் மீசை வந்து நிற்கிறது. என்னிடம் தைரியமாகத் தெரிந்த ஒரே பொருள் அந்த மீசைதான். இருந்தாலும் முடிதிருத்துபவரிடம் போய் உட்கார்ந்தேன். "நாக்க உள்ள போடுங்க பெரியவரே, கையில கத்தி இருக்கு" என்று அவர் கெஞ்சினார். திரும்பி வந்தபோது உன் தம்பி மனைவி, "அவரு வெளிய போயிருக்காருங்க" என்று கதவைச் சாத்தப் பார்த்தாள்.

இப்போது பத்துக்கு நாலு தடவை சரியாக வருகிறது என்று நினைக்கிறேன். ஞாயிறன்று எல்லார் முன்னாலும் அவளைப் பெயர் சொல்லித்தான் வரவேற்பேன். நீ மட்டும் சிரித்துவிடாதே. நீ சிரித்தால் எனக்கு 'த'கூட வராது.

அத்தானின் முழங்கால் வலி குறைய வேண்டுகிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மகன் போன் செய்தான். அவர்கள் வழக்கத்தில் மாமனார் மருமகள் பெயரை வாயால் சொல்லவே கூடாதாம், பெரிய அவமரியாதையாம். "அன்னிக்கே சொல்லிட்டேனேடா!" என்று பதறினேன். "பயப்படாதீங்கப்பா, நீங்க சொன்னது அவ பேருன்னு யாருக்குமே தெரியல. இருமுறீங்கன்னு நெனச்சு, முடியட்டும்னு பேசாம இருந்தாங்க" என்றான். மாமியார் சொல்லலாமாம். ஆகவே இன்று மாலையே உன் தம்பி மனைவிக்குப் பாடம் தொடங்குகிறேன். விஷயத்தைச் சொன்னதுமே அவள் நாக்கை நீட்டினாள். எழுத்துக்காகவா, எனக்காகவா என்றுதான் தெரியவில்லை.