புரோட்டீனுக்கு உப்பு போட்ட கதை

அன்னைக்கு வேலை ரொம்ப சின்னது. எங்க காலேஜு லேப்ல இருந்து ஒரு குட்டிக் குப்பிய எடுத்துக்கிட்டு, விருத்தாசலம் ஜங்ஷன்ல ரயிலேறி, சென்னையில குடுக்கணும்.

குப்பிக்குள்ள புரோட்டீன் கரைசல். என்னோட மருந்து அந்தப் புரோட்டீன்ல போய் ஒட்டுதான்னு பாக்கணும். அதுக்கு சென்னையில மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்னு ஒரு மெஷினு. சுருக்கமா சொன்னா, எடை மெஷினு. மருந்து கலந்தப்புறம் புரோட்டீனோட எடை அந்த மருந்தோட எடை அளவுக்குக் கூடுச்சுன்னா, ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். நாலு மாசம் கெஞ்சி ஒரே ஒரு நாள் வாங்கியிருந்தோம்.

மெஷினுக்கு உப்புன்னா ஆவவே ஆவாது. ஒரு வாரம் உக்காந்து கரைசல்ல இருந்த உப்பையெல்லாம் எடுத்தேன். அதுல எனக்குக் கொஞ்சம் திமிரு கூட.

ரயிலு ரெண்டு மணி நேரம் லேட்டு. பிளாட்பாரத்துல வைக்கோல் சுத்தி வெச்சிருந்த பீங்கான் வாஷ்பேசின் பார்சலுங்க பக்கத்துல, தெர்மாகோல் டப்பாவ மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த அக்கா மீனான்னு கேட்டாங்க. இல்லக்கா, புரோட்டீனுன்னேன். அதான் மீனுன்னாங்க.

தொறந்து பாத்தா, புரோட்டீன் கெடாம இருக்க வெச்ச ஐஸு பாதி தண்ணி.

வெளிய குல்ஃபி வண்டிக்கார அண்ணன் இருந்தாரு. வெவரம் சொன்னதும் மனுஷன் டப்பா நெறைய ஐஸு கொட்டி, மேல ரெண்டு கை கல்லுப்பும் போட்டாரு. சென்னை வரைக்கும் கல்லு மாதிரி நிக்கும்னாரு. குப்பிதான் மூடியிருக்கே, உப்பு வெளியதானேன்னு, "இன்னும் ஒரு கை போடுங்கண்ணே"ன்னு நானே கேட்டு வாங்குனேன். படிச்ச புள்ள.

சென்னையில டப்பாவத் தொறந்தா, குப்பி உப்புத் தண்ணியில சாஞ்சு கெடக்குது. மூடி பாதி தொறந்திருக்குது. லேப்ல நான் சரியா அழுத்தல போல. சுத்தி பாத்தேன். யாரும் கவனிக்கல. தொடச்சி, மூடி, குடுத்துட்டேன்.

மருந்தக் கலந்து மெஷின ஓட்டுனாங்க. திரையில எடையக் காட்டுற முகடு ஒண்ணு வர வேண்டிய எடத்துல வரிசையா ஏழெட்டு. எடை கூடிக்கிட்டே போவுது. ஒடனே என் ஆராய்ச்சிய பாத்துக்குற சாருக்குப் போன் போட்டு, "சார், ஒட்டிக்கிச்சு"ன்னேன்.

மெஷின பாத்துக்குற மேடம் ரெண்டு முகடுக்கு நடுவுல அளந்தாங்க.

"உன் மருந்து எடை எவ்ளோம்மா?"

"முந்நூறு மேடம்."

"இங்க இருபத்திரெண்டு இருபத்திரெண்டா கூடுது. இது உப்புல இருக்குற சோடியம். கடல்லயா புடிச்ச இந்தப் புரோட்டீன?"

வெளிய வந்து சாருக்குத் திரும்பப் போன் போட்டு குல்ஃபி வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். அவரு மெதுவா, "டிபார்ட்மென்ட் பூரா மைசூர்பாகு குடுத்துட்டேனேம்மா"ன்னாரு.

மறுபடி நாள் கெடைக்க மூணு மாசம் ஆச்சு. இந்தத் தடவ சாரே டப்பாவ மடியில வெச்சுக்கிட்டு வந்தாரு, என்னைத் தொடக்கூட வுடல. படம் கண்ணாடி மாதிரி வந்துச்சு.

மருந்து ஒட்டவே இல்லன்னு அவ்ளோ தெளிவா தெரிஞ்சுது.