முழு இயலாமையும் ஒரு பக்கம் இறங்கிய கிருதாவும்

அன்புள்ள மச்சானுக்கு,

மாமா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். நலம் என்று எழுதக்கூடாதாம், கிளெய்ம் முடிகிறவரை என் தோள்பட்டை நலமில்லை என்றுதான் எழுத வேண்டுமாம், உன் அக்கா உத்தரவு. அங்கே நீயும் உன் வீட்டிலும் பிள்ளைகளும் சுகம்தானே.

நிற்க. இன்ஷூரன்ஸ் பாலிசி போட்டுக் கொடுத்தவன் நீ என்பதால் உன்னிடம்தான் புலம்ப வேண்டியிருக்கிறது. என் சலூன் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. முழு இயலாமைன்னா கட்டையாட்டம் படுத்துக் கிடக்கணுமோன்னு நான் பயந்தப்ப, அப்படியெல்லாம் இல்ல மாமா, உங்க தொழிலோட முக்கியமான வேலையை வழக்கம்போலச் செய்ய முடியலன்னாலே சட்டத்துல அது முழு இயலாமைதான்னு தைரியம் சொன்னியே, கம்பெனிக்காரன் அதைக் காதுலயே போட்டுக்கல. நடக்கிறார், பேசுகிறார், இடது கையால் டம்ளர் பிடிக்கிறார், ஆகவே இயலாமை முழுசு இல்லைன்னு எழுதிட்டான். அன்னிலேருந்து உன் அக்கா என்னை ஒரு துரும்பை நகர்த்த விடுறதில்ல, யாராச்சும் பாத்துடுவாங்களாம். ஜன்னல் கொக்கியைத் தொட்டாக்கூட அதட்டுறா. நானும் அங்கயே உக்காந்து தெருவுல போற தலைங்களைப் பாத்துட்டிருக்கேன். எதிர்வீட்டு வாத்தியாருக்கு முடி காதை மூடிருச்சு. அவருக்குப் பின்மண்டையில ரெண்டு சுழி, தெரியாதவன் வெட்டினா நட்டுக்கிட்டு நிக்கும். ஏக்கமா இருக்கு மச்சான். துணியை உதறிப் போத்தினதும் ஒரு மனுஷன் கண்ணை மூடித் தலையை நம்ம கையில விட்டுடுவான் பாரு, அது இல்லாம எனக்குப் பொழுதே விடிய மாட்டேங்குது.

இந்த லட்சணத்துல, எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம்னு நேத்து கம்பெனி அதிகாரி நேர்ல பரிசோதிக்க வந்தார். கையைத் தூக்கச் சொன்னார், தூக்க முடியல, எழுதிக்கிட்டார். அதோட போயிருந்தா நல்லது. ஆனா அவரோட வலது கிருதா இடதைவிட ஒரு விரக்கடை இறங்கி நிக்குது! எவ்வளவு நேரம்தான் பாத்துட்டு சும்மா இருக்கிறது? உன் அக்கா சமையக்கட்டுல இருந்தா. அவ உக்காந்து காய் நறுக்குற குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு நிமிஷம் உக்காருங்க சார்னேன். பாவம், அவரும் உக்காந்தார். தலை சரியா என் நெஞ்சுக்கு நேரா வந்துச்சு. கத்திரி ஓடுச்சு மச்சான்! வலதைச் சரி பண்ணேன், அப்புறம் அதுக்கு ஏத்தாப்புல இடதை, ரெண்டுக்கும் ஏத்தாப்புல பின்னாடி கொஞ்சம். உன் அக்கா வந்து பாத்துட்டு, குடியைக் கெடுத்தீங்களேன்னு தலையில கை வெச்சு உக்காந்துட்டா. அதிகாரி தலையைத் தடவிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாமக் கிளம்பிட்டார். திருப்தியில வாயடைச்சுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆகவே மேல்முறையீடு எதுவும் அனுப்பாதே, கிளெய்மை வாபஸ் வாங்கிவிடு. உயர நாற்காலியை எல்லாம் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்டூல் போட்டு, திங்கட்கிழமை சலூனைத் திறக்கிறேன்.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி நிறைந்த ஆயுளோடும் அடர்ந்த முடியோடும் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் மாமா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுறதுக்குள்ள அதிகாரி திரும்ப வந்தார். தலையில தொப்பி. கிளெய்ம் முழுசா பாஸாம். நான்தான் வெட்டினேனே சார்னு கேட்டேன். "சட்டம் கேக்குறது உங்களால கத்திரி பிடிக்க முடியுமான்னு இல்ல ஐயா, வெட்டிக்கிட்டவன் திரும்ப வருவானான்னுதான்"னார். தொப்பியைக் கழட்டச் சொல்லித் தலையைப் பாத்தேன். அவர் எழுதினது சரிதான். உன் அக்கா அழுதா, சந்தோஷத்துலன்னு சொல்றா. சலூனைத் திறக்கப் போறதில்ல. ஆனா அந்த ஸ்டூலை இன்னும் உள்ள எடுத்து வைக்க மனசு வரல. ஞாயித்துக்கிழமை வருவேல்ல? முடி வெட்டிக்காம வா.