ஒரு மீட்டர் தூரத்தில் மக்கள் குரல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த பெரிய காரியம், நகராட்சியின் குறைகேட்புப் பிரிவு இரண்டு ஸ்டூடியோ ஸ்பீக்கர்கள் வாங்கியதுதான். போனில் பதிவாகும் மக்கள் குரலைத் 'துல்லியமாக'க் கேட்டே தீருவது என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது.

பொருத்த வந்த சவுண்டுகாரர் அறையைப் பார்த்துத் திகைத்தார். பத்தடிக்கு எட்டடி. ஸ்பீக்கர்கள் ஒரு சுவரோடு ஒட்டியிருந்தன; எதிர்ச்சுவரோடு அதிகாரி ஒட்டியிருந்தார்.

"பதவிக்கேத்த தூரம்" என்றார் அதிகாரி.

"சின்ன ரூம் சார். சுவரோரமா உக்காந்தா கனத்த சத்தமெல்லாம் வீங்கித்தான் கேக்கும்."

"அதானா! நேத்து ஒரு அம்மா பேசினாங்க. புலி உறுமுற மாதிரி இருந்துச்சு. 'மிரட்டல்'னு ஃபைல் போட்டுட்டேன்."

சவுண்டுகாரர் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து முன்னே இழுத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர். ஒவ்வொன்றிலிருந்தும் நாற்காலிக்கு ஒரு மீட்டர். அந்த முக்கோணத்தின் முனையில் அதிகாரியை உட்காரவைத்து, அதே பதிவை ஓடவிட்டார். புலியைக் காணோம்.

"குழாய்ல சாக்கடைத் தண்ணி வருதுங்க. பிள்ளைக்கு வயித்தால போகுது" என்றது ஒரு மெல்லிய குரல். பின்னால் குழந்தை சிணுங்கியது.

அதிகாரி கண்கலங்கினார். "என்ன தெளிவு! சிணுங்கலுக்கு நடுவுல மூச்சு வாங்குறதுகூடக் கேக்குதய்யா!"

அலுவலகமே வரிசையில் வந்து, ஒவ்வொருவராக முக்கோணத்தில் அமர்ந்து, அந்தச் சிணுங்கலை ரசித்தது. சவுண்டுகாரருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் மறுபடி ஆள் அனுப்பினார்கள், "இன்னும் தெளிவு வேணுமாம்" என்று. சவுண்டுகாரர் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்திருக்கையில் ஒரு பெண் உள்ளே வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் பழுப்புத் தண்ணீர் பாட்டில்.

"சார், இன்னும் இதே தண்ணிதான் வருது..."

குரலைக் கேட்டதுமே சவுண்டுகாரருக்கு ஆள் தெரிந்துவிட்டது. பெருமை எங்கேயோ இறங்கிப் போனது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, ஸ்பீக்கரை மறைக்கிறீங்க" என்றார் அதிகாரி.

குழந்தை சிணுங்கியது. அதிகாரி முகம் சுளித்தார்.

"ரெக்கார்டிங்ல இதைவிட நல்லா இருந்துச்சே! இவங்க பேசுறதும் எனக்குச் சரியா விழல. தூரத்தைப் பாருங்கய்யா."

சவுண்டுகாரர் அளவு டேப்பை நீட்டினார். அவள் வாய்க்கும் அதிகாரியின் காதுக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர்.

டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தூரம் கச்சிதமா இருக்கு சார். ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கு. மிச்சமிருக்கிறது ஒண்ணுதான், அதுக்கு நான் மெக்கானிக் இல்ல."