சம்பந்தி கை கழுவிய தொட்டி

தெரியாத விஷயத்தைப் பற்றி விடாமல் பேசக்கூடியவனுக்கு, பெண் வீட்டார் முன்னால்தான் நாக்கு அதிகமாக நீளும். (எனக்கு முழங்கால் வரை நீண்டது.)

தொண்ணூறுகளில் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியனாக இருந்தேன். மீன் வளர்ப்பது பொழுதுபோக்கு. தூத்துக்குடி நண்பன் ஜெபராஜ் ஒருநாள் கேன்களில் கடல் தண்ணீரும், கைப்பிடி அளவில் ஆரஞ்சு நிறப் பவளம் ஒன்றும் கொண்டுவந்தான்.

"உசுரோட இருக்குலே. பேரு சூரியப் பவளம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

சூரியன் என்று பெயரிலேயே இருக்கும்போது வேறென்ன விளக்கம் வேண்டும்? செடி மாதிரி வெளிச்சத்தைத் தின்று வாழும் என்று முடிவுகட்டி, தொட்டிக்கு மேல் நாலு ட்யூப்லைட் மாட்டினேன். தீனி எதுவும் போடவில்லை. வந்த அன்று பூவாக விரிந்திருந்தது, மறுநாளிலிருந்து முறுக்கிய முஷ்டி மாதிரி மூடிக்கொண்டது. வெளிச்சம் பற்றவில்லை என்று இன்னும் இரண்டு லைட் போட்டேன். (கரண்ட் வேலைக்காரனுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து.)

அந்தச் சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பெண் அமைந்தது. பெண் வீட்டார் எங்கள் வீட்டில் வந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. தொட்டி தகதகவென்று தெரியட்டும் என்று கூடத்து ஜன்னல்களையெல்லாம் போர்வையால் மூடிவைத்தேன்.

பெண்ணின் அப்பா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கல்லா?"

"உசுருள்ளது மாமா. வெளிச்சந்தான் இதுக்குச் சாப்பாடு. வேற ஒண்ணும் கேக்காது."

"அம்புட்டு சிக்கனமா!" என்று மகிழ்ந்துபோனார்.

இறால் தொக்கோடு சாப்பாடு முடியும் நேரத்தில் கரண்ட் போனது. நடுப்பகலில் கும்மிருட்டு.

"கை கழுவ எங்க?" என்றார் மாமா.

கொல்லைப்புறத் தொட்டியை நினைத்துக்கொண்டு, "அந்தா, தொட்டியில தண்ணி இருக்கு" என்றாள் அம்மா. மாமா தடவிப்போய்க் கையில் தட்டுப்பட்ட தொட்டியில் நிதானமாகக் கழுவினார். வாய் கொப்பளிக்க அள்ளியவர், "என்னம்மா தண்ணி இம்புட்டு உப்பா இருக்கு?" என்று துப்பினார். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஜன்னல் போர்வையை எடுக்க யாருக்கும் தோன்றாமல், இருட்டிலேயே வெற்றிலை போட்டு, பேசி, விசிறி ஓய்ந்தபின் கரண்ட் வந்தது. எல்லோரும் தொட்டியைப் பார்த்தோம். இத்தனை நாள் மூடிக்கிடந்த சனியன், அத்தனை வாயையும் திறந்துகொண்டு செவ்வந்திக் கொத்தாக விரிந்து நின்றது. ஒவ்வொரு வாயிலும் இறால் துணுக்கு.

"வெளிச்சந்தான் சாப்பாடுன்னிய?" என்றார் மாமா. நான் ட்யூப்லைட்டைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

வழியனுப்பும்போது யாரும் தேதி பேசவில்லை. வீட்டுக்குப் போய், "ஒரு உசுரப் பட்டினி போட்டவன்ட்ட எம்மவள எப்படிக் குடுக்க?" என்றாராம். மகள் விலங்கியல் படித்தவள். விழுந்து விழுந்து சிரித்தாளாம். "அது செடியில்லப்பா, பிராணி. வெளிச்சமே வேண்டாம், ஒவ்வொரு வாய்க்கும் இரை வைக்கணும். நானே போய் வச்சுக்கிடுதேன், தேதியக் குறிங்க."

அப்படியே வந்தாள். தொட்டியை இருட்டு மூலைக்கு மாற்றி, இங்க் ஃபில்லரில் இறால் சாற்றை வாய் வாயாக ஊட்டினாள். பவளம் எங்களோடு நெடுநாள் இருந்தது.

இன்றைக்கும் நான் கோபித்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கிவைத்தால், அவள் பிள்ளைகளிடம் சொல்வாள்: "அப்பா மூடிக்கிட்டாக. லைட்ட அணைச்சுட்டு இறால் வாசம் காட்டுங்க, செத்த நேரத்துல விரிஞ்சிருவாக."

விரிந்துவிடுகிறேன் என்பதுதான் அவமானம்.