மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த லினக்ஸ்

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம், லேப்டாப் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண்ணால் பார்த்துச் சொல்லத்தான் வழியில்லை. போனில் பேசினால் என் குரல் ஏறிவிடும், மாப்பிள்ளையிடம் குரல் ஏறக் கூடாது என்று உங்கள் அத்தை காகிதத்தையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே மரியாதையாகவே ஆரம்பிக்கிறேன்.

போன முறை வந்தபோது, நான் கேட்காமலேயே, என் லேப்டாப்பில் இருந்த விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தீர்கள். "இது எல்லாருக்கும் சொந்தம் மாமா, யார் வேணும்னாலும் உள்ள திறந்து பார்க்கலாம், வைரஸ் வராது" என்றீர்கள். உண்மைதான், வைரஸ் வரவில்லை. எதுவுமே வரவில்லை. வைஃபை மட்டும் பாக்கி, ரொம்ப ஈஸி என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டீர்கள். அந்தக் கறுப்புத் திரையில் நீங்கள் எழுதியதை எழுத்து பிசகாமல் அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. அழுத்தி அடித்தேன். அப்போதும் இல்லை. பாஸ்வேர்டில் வரும் எழுத்துகள் மட்டும் கெட்டுப்போய்விட்டன என்று முடிவுகட்டி, கடைத்தெரு ரிப்பேர்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவரும் அடித்துப் பார்த்து, "கீபோர்டே போச்சு சார்" என்று புதுசு மாட்டினார். அதிலும் விழவில்லை. கடைசியில் மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார்தான், "அது காட்டாது சார், ஆனா வாங்கிக்கும்" என்றார். அந்த ஒரு வரியை நீங்க எழுதி வச்சிருந்தா என்ன குறைஞ்சிருக்கும் மாப்பிள்ளை? இதை அடித்துவிடச் சொல்கிறாள் உங்கள் அத்தை. மாட்டேன்.

அதன் பிறகு, வைஃபையை ஓட்டும் டிரைவர் புரோகிராம் இல்லை, இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளவும் என்றது. டிரைவர் வந்தால்தான் இன்டர்நெட் வரும், இன்டர்நெட் வந்தால்தான் டிரைவர் வரும். நான் குடிநீர் சப்ளையில் காலம் தள்ளியவன். மோட்டார் ஓட வேண்டுமானால் முதலில் அதற்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும், தெரியும். அந்தத் தண்ணீரையும் அதே மோட்டாரே இறைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த அதிகாரியும் என்னிடம் சொன்னதில்லை. வாத்தியார் பாவம், தன் கம்ப்யூட்டரில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தார். போட்டால், இதற்கு முன்னால் வேறொன்று வேண்டும் என்றது. மேலே போய் அதைக் கொண்டுவந்தார். அதற்கும் முன்னால் இன்னொன்று வேண்டுமாம். ஏறி இறங்கி முட்டி வீங்கி, "எங்க வீட்டுக்கே வந்து பேத்தியைப் பாருங்களேன்" என்று கெஞ்சினார். உங்கள் அத்தைக்கு அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து அழ விருப்பமில்லை. நல்ல மனுஷன், இப்போ என்னைப் பார்த்தா படியிலயே திரும்பிப் போயிடறாரு.

எங்கள் கஷ்டம் வைஃபை அல்ல மாப்பிள்ளை. பேத்தி நடக்கிறாள். போனில் தொப்புதொப்பென்று சத்தம் கேட்கிறது, "அப்பா, நடக்கிறா பாருங்க" என்கிறாள் மகள். எதைப் பார்ப்பது? பட்டன் போனைக் காதிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உங்க அத்தையும் வாங்கிப் பார்த்தா. எனக்கு அழுகை வந்துடுச்சு, சொல்றதுக்கென்ன வெட்கம். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் குழந்தை ஓடவே ஆரம்பித்துவிடுவாள்.

மனசு விட்டுப்போயிற்று. நாளைக்குப் பழைய பேப்பர்காரர் வருகிறார். கட்டோடு கட்டாக லேப்டாப்பையும் கொடுத்துவிடப் போகிறேன். அடுத்த முறை வரும்போது, என் வீட்டில் மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல், சாப்பிட்டு, தூங்கி, எழுந்து போகும்படி மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல், சிக்னல் குறையாமல் நீண்ட நாள் வாழ ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன். லேப்டாப்பையும் சேர்த்துக் கட்டுவதற்காக உங்கள் அத்தை பேப்பர் கட்டை அவிழ்த்தாள். கட்டியிருந்தது ஒரு நீல வயர். இன்டர்நெட் மோடத்தோடு வந்தது, வீணாவானேன் என்று நான்தான் அதால் கட்டி வைத்தேன். அவள் வயரின் முனையைப் பார்த்தாள், லேப்டாப் விலாவில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் குழாய் போட்டீங்களே, இதுக்கு ஒண்ணு போடணும்னு தோணலையா?" என்றாள். ஒரு முனையை மோடத்திலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருகினோம். பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் இன்டர்நெட் வந்துவிட்டது. வயர் குட்டை, அதனால் மோடம் இருக்கும் வாசல் பக்கம் செருப்பு அலமாரியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து மகளை வீடியோவில் கூப்பிட்டோம். நீங்கள் ஆபீஸில் இருந்தீர்களாம். பேத்தி எங்களைப் பார்த்துச் சிரித்தாள், தத்தித் தத்தித் திரைவரைக்கும் நடந்து வந்தாள், அப்புறம் காணவில்லை. எங்கே என்று மகளைக் கேட்டால், உங்கள் வீட்டு லேப்டாப்புக்குப் பின்னால் போய் எங்களைத் தேடுகிறாளாம். நாங்கள் அங்கே இல்லை மாப்பிள்ளை. பேப்பர்காரருக்கு என் லேப்டாப்பைக் கொடுக்கவில்லை. வைஃபையும் வேண்டாம். இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் திறந்துகொள்ளுங்கள், துடைத்துக்கொள்ளுங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.